நாற்பது நிமிஷத்துக்குப் பதினோரு பக்கம்

ஆசிரியர்கள் எழுதும் பாடக்குறிப்பு நோட்டை எப்போதாவது புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? வாய்ப்பு குறைவுதான். அது பிள்ளைகள் படிப்பதற்காக எழுதப்படுவதில்லை. பெற்றோரும் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில்லை. தலைமையாசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஆய்வுக்கு வரும் அலுவலர் நாலு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைப்பார். உள்ளே கட்டம் கட்டமாகத் தலைப்புகள் இருக்கும். கற்றல் விளைவு, ஆர்வமூட்டல், படித்தல், மனவரைபடம், தொகுத்து வழங்குதல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், தொடர்பணி... கல்யாண வீட்டு மளிகை லிஸ்ட் மாதிரி நீண்டுகொண்டே போகும்.

பெரும்பாலான ஆசிரியர்கள் இதை ஒரு பக்கத்தில் முடித்துவிடுவார்கள். போன வருஷ நோட்டைப் பார்த்துத் தேதியை மட்டும் மாற்றி எழுதுகிற புண்ணியவான்களும் உண்டு. அவர்களைப் பற்றி இன்னொரு வாரம் பேசலாம்.

என் அக்கா மகள் ஒரு பாடவேளைக்குப் பதினோரு பக்கம் எழுதினாள்.

பெயர் வேண்டாம். வேலையில் இருக்கிற பெண். திருப்பூரில் ஊத்துக்குளி ரோட்டைத் தாண்டி உள்ளே போனால் வரிசையாக வரும் லைன் வீடுகளில் ஒன்று அவர்களுடையது. அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங். மாமா பிரிண்டிங் பட்டறையில். இரண்டு பேரும் சேர்ந்து அவளை ஆசிரியர் பயிற்சி படிக்க வைத்தார்கள். 2022 ஜூலையில் தமிழக அரசு பள்ளிகளில் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னது ஞாபகமிருக்கிறதா? அதில் இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். பிறகு உயர்த்தினார்கள், அது வேறு. அப்படித்தான் இவளுக்கும் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு கிடைத்தது. முப்பத்தொரு பிள்ளைகள்.

நான் பி.காம். படித்தவன். கணக்கு போடாமல் இருக்க முடியாது. மகளின் மாதச் சம்பளம், எட்டாம் வகுப்போடு நின்ற அம்மா செக்கிங்கில் வாங்குவதைவிடக் குறைவு. இதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு ரொம்ப நன்றாகத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ராத்திரி விளக்கு அணைவது நின்றுபோனது. ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி, சில நாள் இரண்டு மணி. சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, மின்னட்டைகள். எந்த நிமிஷத்தில் எந்தக் கேள்வி கேட்க வேண்டும், அதற்குப் பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள் என்பது வரைக்கும் எழுதி வைப்பாள். ஆமாம், பிள்ளைகளின் பதிலையும் இவளே எழுதுவாள். ஓர் எழுத்து பிசகினால் அடிக்க மாட்டாள். அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. மாசத்துக்கு மூன்று நோட்டு தீர்ந்தது. எட்டு கிலோ இளைத்தாள் என்று அக்கா சொன்னாள். அம்மாக்களின் தராசில் கொஞ்சம் கூடக் காட்டும் என்று வைத்துக்கொண்டாலும், ஆயுதபூஜைக்குப் போனபோது எனக்கே அடையாளம் தெரிகிற அளவுக்கு முகம் வற்றியிருந்தது.

இப்படி ஒரு வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். ஆசிரியர் பயிற்சி படித்தவர்களுக்கு ஹெர்பார்ட் என்ற பெயர் தெரிந்திருக்கும். ஜெர்மன் தத்துவஞானி, 1776-ல் பிறந்து 1841-ல் இறந்தவர். பாடம் நடத்துவதற்குப் படிகள் உண்டு என்று சொன்னவர்களில் முன்னோடி. அவர் சொன்னது நாலு படிதான். சீடர்கள் அதை ஐந்தாக்கினார்கள். சீடர்கள் என்றால் அப்படித்தானே! அந்த ஐந்து படிகள் கப்பலேறி ஊர் ஊராகப் பரவின. இப்போது நம் நோட்டில் கட்டங்கள் பத்தைத் தொட்டுவிட்டன. இதில் எனக்குப் பிடித்த தகவல் ஒன்று உண்டு. ஹெர்பார்ட் இளைஞராக இருந்தபோது ஸ்விட்சர்லாந்தில் ஒரு பெரிய வீட்டில் வாத்தியாராக இருந்தார். கல்வி பற்றிய அவர் யோசனைகளுக்கு அந்த அனுபவம் முக்கியமான விதை. அங்கே அவரிடம் படித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர்.

இவளுக்கு முப்பத்தொன்று. அதுவும் எப்படிப்பட்ட முப்பத்தொன்று! 2022-ல் நான்காம் வகுப்பில் இருந்த பிள்ளைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பு முடிகிற நேரத்தில், 2020 மார்ச்சில், பள்ளியை மூடினார்கள். இரண்டாம் வகுப்பு முழுக்க வீடு. மூன்றாம் வகுப்பில் பாதி வருஷம் போனபிறகு, 2021 நவம்பர் 1-ம் தேதிதான் சின்ன வகுப்புகளுக்குக் கதவு திறந்தது. மூச்சு விடுவதற்குள் ஜனவரியில் மறுபடி கொஞ்ச நாள் லீவு. ஆக, நோட்டில் நான்காம் வகுப்பு. பெஞ்சில் உட்கார்ந்திருப்பதோ பாதி ஒன்றாம் வகுப்பு, பாதி இரண்டாம் வகுப்பு. இதைச் சரிசெய்யத்தான் அந்த வருஷம் ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, ஆசிரியருக்குக் கையேடும் கொடுத்தார்கள். நான்கு, ஐந்துக்கு அது அடுத்த கல்வியாண்டில்தான் வந்தது. பக்கத்து வகுப்பு டீச்சருக்குக் கையேடு இருந்தது. இவளுக்கு இவளுடைய பதினோரு பக்கம்தான்.

ஜனவரி முதல் வாரம் அந்த நோட்டு கவிழ்ந்தது.

பாடம் பின்னம். மூன்று ராத்திரி உழைத்திருக்கிறாள். காம்பஸ் வைத்து வட்டம் போட்டு, வெட்டி, பழுப்பு வண்ணம் அடித்து முப்பத்தொரு காகித தோசை. ஒவ்வொன்றிலும் கால் கால் பங்கு அளவெடுத்த மாதிரி. ஆர்வமூட்டல், ஐந்து நிமிஷம். கேள்வி: 'உங்கள் வீட்டில் ஒரு தோசையை இரண்டு பேர் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வீர்கள்?' எதிர்பார்க்கும் பதில்: 'சமமாகப் பிரித்துக்கொள்வோம்.'

கேட்டாள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "மிஸ், எங்கம்மா நேத்து ஒன்ற ஷிப்டு. தோசை சுடலை. கடையில புரோட்டா வாங்கிக்கிட்டோம்" என்றிருக்கிறாள்.

"அதெல்லாம் அப்புறம். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவ்வளவுதான். இன்னொருத்தன், "எங்கப்பா ரெண்டு ஷிப்டு மிஸ்." இன்னொருத்தி, "பொய் சொல்றான் மிஸ், அவங்கப்பா லீவு." ஒரே ரகளை. காகித தோசைகள் பறந்தன. நாற்பது நிமிஷம் முடிந்து மணி அடித்தபோது பதினோரு பக்கத்தில் முதல் பக்கம்கூட முடியவில்லை. ஸ்டாஃப் ரூம் என்று ஒன்று இல்லாத பள்ளி அது. அழுவதற்குக்கூட இடம் கிடையாது. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதிருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "பொங்கல் லீவுக்கப்புறம் நான் போகலைம்மா. கம்பெனியில ஏதாச்சும் அக்கவுண்ட்ஸ் வேலை இருந்தா சொல்லு" என்றாளாம்.

அக்கா எனக்குப் போன் போட்டாள். "நீ ஊருக்கெல்லாம் எழுதறவன்தானே. வந்து இவகிட்ட ரெண்டு வார்த்தை பேசு."

பொங்கலுக்கு மறுநாள் கோவையிலிருந்து பஸ் பிடித்தேன். கையில் கரும்போடு ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. கிஜுபாய் பதேகா என்ற குஜராத்திக்காரர் தொண்ணூறு வருஷங்களுக்கு முன் எழுதியது. தமிழில் 'பகற்கனவு' என்று வந்திருக்கிறது. கிஜுபாய் வக்கீலாக இருந்தவர். கோர்ட்டை விட்டுவிட்டுக் குழந்தைகளிடம் வந்துவிட்டார். 1920-ல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கினார். பெரிய மீசை வைத்திருப்பார். அதனால் அவருக்கு 'மீசைக்கார அம்மா' என்று பட்டப்பெயர். இப்படி ஒரு பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கும்?

புத்தகத்தின் கதை இதுதான். ஓர் ஆசிரியர், கல்வி அதிகாரியிடம் மன்றாடி, ஒரே ஒரு வருஷம் தன் இஷ்டப்படி பாடம் நடத்த அனுமதி வாங்குகிறார். அவருக்குக் கிடைப்பதும் நான்காம் வகுப்புதான்! முந்தின ராத்திரி உட்கார்ந்து முதல் நாளுக்குத் திட்டம் போடுகிறார். இன்ன நேரம் இது, இன்ன நேரம் அது. முதலில் பிள்ளைகளை அமைதியாக உட்கார வைக்க ஒரு விளையாட்டு. காலையில் போய் அதை ஆரம்பித்தால், பிள்ளைகள் கத்துகிறார்கள், சிரிக்கிறார்கள், கேலி செய்கிறார்கள். திட்டம் தவிடுபொடி. அன்றைக்கு வகுப்பைக் கலைத்து அனுப்பிவிடுகிறார். தலைமையாசிரியரிடம் திட்டு வேறு. மறுநாள் திட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டுக் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். மணி அடித்தும் பிள்ளைகள் போக மறுக்கிறார்கள்.

அவள் புத்தகத்தை வாங்கிப் பின்னட்டையைப் பார்த்துவிட்டு, "படிக்கிறனுங்க மாமா" என்று டி.வி. மேல் வைத்துவிட்டாள். எப்போது படிப்பாள் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அன்று வேலை செய்தது அக்காவின் பேச்சு. லீவு நாளிலும் அவள் சும்மா இருக்க மாட்டாள். பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஒரு கட்டு டீ-ஷர்ட் வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரியை நிறுத்தாமல் மகளிடம் கேட்டாள்.

"ஏஞ்சாமி, மூவாயிரம் பீஸ் ஒரு லாட்டு. பையரோட ஆளு வந்து மூவாயிரத்தையுமா பாக்கறான்?"

"தெரியலைம்மா."

"நூத்தி இருபத்தஞ்சு எடுப்பான். அதுல ஏழு பீஸ் வரைக்கும் பழுது இருந்தா லாட்டு பாஸு. எட்டாச்சுன்னாத்தான் ஃபெயிலு."

திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏ.க்யூ.எல். என்று இதற்குப் பெயர். பையர்கள் அதிகம் கேட்பது 2.5. வெள்ளைக்காரன் சட்டையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலே லாட்டைத் திருப்பி அனுப்பிவிடுவான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவன் பழுதுக்கு அளவு போட்டு, அட்டவணை அச்சடித்து வைத்திருக்கிறான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் தளவாடம் வாங்குவதற்குப் பயன்படுத்திய மாதிரிச் சோதனை முறையிலிருந்து வந்தது இது. அந்த அட்டவணைக்கு அசையாத இடம் ஒன்று உண்டு. உடைந்த ஊசி முனை துணியில் தங்கியிருந்தால் மன்னிப்பே கிடையாது. அங்கே எண் பூஜ்யம்தான். குழந்தையின் உடம்பில் குத்தும் இல்லையா?

அக்கா விடவில்லை. "ஒரு பீஸைக் கையில வெச்சுக்கிட்டு நாள் பூரா பாத்துக்கிட்டு நின்னா சூப்பர்வைசர் சும்மா இருப்பானா? பாத்தமா, பழுதுன்னா ஸ்டிக்கர் ஒட்டுனமா, அடுத்ததை எடுத்தமான்னு இருக்கோணும்."

"பிள்ளைங்க பனியன் இல்லைம்மா."

"பனியன் இல்லைங்கறதுனாலதான் சொல்றேன். பனியன் மேசை மேல போட்டா போட்ட எடத்துல கெடக்கும். புள்ள கெடக்குமா?"

இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். எதையும் கச்சிதமாகச் செய்கிறவர்கள் என்று நாம் பாராட்டுகிறவர்களில் பாதிப்பேர் உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பவர்கள். இவளுக்கும் பயம்தான். தற்காலிக வேலை; ஒரு தாள் வந்தால் 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். அம்மா அப்பாவின் இத்தனை வருஷ ஓவர்டைம் அந்த நோட்டுக்குள் இருக்கிறது. பிள்ளைகள் எழுதப்போகும் பதில் அவள் கையில் இல்லை. நோட்டில் விழும் கையெழுத்து அவள் கையில் இருக்கிறது. பிடிக்கக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசத்தில், 'இப்படி எழுதித் தேய வேண்டாம் கண்ணு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வகுப்பைப் பார்' என்று சொல்ல ஒரு மூத்த ஆசிரியர்கூட அவளுக்கு வாய்க்கவில்லை. நாலு ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் இருந்தால் யார் வந்து யார் பக்கத்தில் உட்காருவது? பேனா வாங்கித் தந்துவிட்டு நீந்தக் கற்றுக்கொள் என்கிற கதை.

லீவு முடிந்து அவள் போனாள். ஏன் போனாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதிக்கொண்டு போனாளாம். அதிலும் கீழே பத்து வரி காலி.

கரும்பலகையில் 'ஒன்றரை' என்று எழுதி, "யாரு வீட்டுல நேத்து ஒன்ற ஷிப்டு?" என்று கேட்டிருக்கிறாள். பன்னிரண்டு கை தூக்கியது.

வெளியூர் வாசகர்களுக்கு: திருப்பூரில் வேலை நாள் என்று ஒன்று கிடையாது, ஷிப்ட்தான். காலை எட்டரைக்குப் போய் ஐந்தரைக்கு வந்தால் ஒன்று. எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. கம்பெனிக்குக் கம்பெனி அரைமணி முன்பின் இருக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது அரையும் காலும் சேர்த்துக் கூட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னம் புதுசா என்ன? "ஒரு ஷிப்டுக்கு நானூறுன்னா ஒன்றரைக்கு எவ்வளவு?" என்றால் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைகூட அறுநூறு என்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி முந்திரி வரைக்கும், அதாவது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரைக்கும், வாய்ப்பாடாகச் சொன்னவர்கள். கடைத்தெருக் கணக்கு முதலில், காகித தோசை பிறகு.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. பீகாரிலிருந்து வந்த ஒரு பையன். அப்பா சாயப்பட்டறையில். சேர்ந்து மூன்று மாசமாக வகுப்பில் வாய் திறக்காதவன். 'தமிழ் தெரியாது' என்று குறிப்பேட்டில் இவளே எழுதி வைத்திருந்தாள். அவன் கரும்பலகையைப் பார்த்து மெல்ல "டேட்" என்றிருக்கிறான். இந்தியில் ஒன்றரைக்கு டேட், இரண்டரைக்கு டாயி, தனித்தனி வார்த்தைகள். வகுப்பே அவன் பக்கம் திரும்பியது. அன்று சாயங்காலம் வரைக்கும் பிள்ளைகள் "டேட் ஷிப்டு, டாயி ஷிப்டு" என்று கத்திக்கொண்டு திரிந்தார்களாம்.

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் ஒரு எழுத்து பிசகினால் பக்கத்தைக் கிழிக்கத்தான் செய்கிறாள். ஆய்வுக்கு வந்த ஓர் அலுவலர் 'குறிப்பு ஏன் இவ்வளவு சுருக்கம்?' என்று கேட்டபோது இரண்டு நாள் தூங்கவில்லை. மறுவருஷம் நான்காம் வகுப்புக்கும் கையேடு வந்தபோது போன் பண்ணினாள். "எழுதற வேலை பாதி குறைஞ்சிடுச்சுங்க மாமா. நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒன்ற ஷிப்டு அதுல இல்லை."

இடையில் அந்த மார்ச் மாசத்தைச் சொல்ல வேண்டும். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் செல்போன் செல்போனாகப் பரவின. திருப்பூரில் போலீஸும் மாவட்ட நிர்வாகமும் இந்தியில் விளக்கம் சொன்னார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஹோலியும் அந்த வாரம்தான். ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு கூட்டம். யார் பண்டிகைக்குப் போகிறார்கள், யார் பயந்து போகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பையனும் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். சாயங்காலம் அவன் இருந்த லைன் வீட்டுக்குத் தேடிக்கொண்டு போயிருக்கிறாள். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "சாமானெல்லாம் உள்ளதான் இருக்குது, வந்துருவாங்க" என்றிருக்கிறார். வருகைப் பதிவேட்டில் தினமும் 'ஆ' போட அவளுக்குக் கை வரவில்லை. ஆனாலும் போட வேண்டும். போட்டாள்.

மாசக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை வந்து நின்றான். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே அவன் பாட்டி செய்து கொடுத்த தேக்குவா, கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துப் பொரித்த பலகாரம். எட்டு இருந்தது. வகுப்பில் முப்பத்தொரு பேர்.

"எப்படிடா குடுக்கறது?" என்று கேட்டிருக்கிறாள்.

பின்பெஞ்சுப் பெண்தான் முதலில் கணக்குப் போட்டாள். ஆளுக்குக் கால். எட்டு நாலு முப்பத்திரண்டு. மீதிக் கால் மிஸ்ஸுக்கு.

தேக்குவா கல் மாதிரி இருக்கும். மேசை விளிம்பில் தட்டித் தட்டி உடைத்தாள். ஒன்றுகூடச் சரியான காலாக வரவில்லையாம். சிலருக்குப் பெரிய துண்டு. சிலருக்கு வெறும் தூள். அவளுக்குக் கிடைத்ததும் தூள்தான்.